மீன் எடுக்காத பொஸ்பரஸ்: தீவன நொதியமும் எங்கள் ஏரிகளும்

ஸ்காபுறோவில் எம்மவர் நடத்தும் எந்த மீன்கடைக்குப் போனாலும் ஐஸ்கட்டி மேல் ரெயின்போ ட்றவுட் கிடக்கும். அறக்குளாவும் விளைமீனும் பாரையும் விமானத்தில் வந்து இறங்குகின்றன. ட்றவுட்டில் பெரும்பங்கு அப்படியல்ல. ஹியூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவிலும் மனிற்றூலின் தீவைச் சுற்றிய நீரிலும் வலைக்கூடுகளில் வளர்ந்து, நெடுஞ்சாலை வழியே ரொறன்ரோவுக்கு வருகிறது. குழம்புக்கு அது அவ்வளவாகச் சரிவராது, பொரித்தால் நல்லது என்பது எங்கள் வீட்டு அபிப்பிராயம்.

நாங்கள் மீன் விஞ்ஞானிகள் அல்லர். ஊரில் வணிகமாணி படித்து, இங்கு அகதியாக வந்து, மற்றவர்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துக் காலந்தள்ளுகிறவர்கள். சில வருடங்களுக்கு முன் சிறிய ட்றவுட் பண்ணை ஒன்றின் வரிக்கணக்கு எங்கள் மேசைக்கு வந்தது. செலவில் பாதிக்கு மேல் தீவனம். அந்தக் கோப்புக்குள் ஒரு கேள்வியும் இருந்தது. நொதியம் சேர்த்த தீவனத்தைத் தொன்னுக்குக் கொஞ்சம் கூடுதலான விலையில் தருவதாகத் தீவன ஆலை சொல்கிறது, ஏரிக்கு நல்லது என்கிறது, வாங்குவதா விடுவதா என்று உரிமையாளர் கேட்டிருந்தார். வரிக்காலம் முடிந்தபின் அதைப் படிக்க உட்கார்ந்தோம். படித்ததை எமது வாசகர்களுக்கு இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஏரிக்கு ஏன் பொஸ்பரஸ் முக்கியம்

பயிருக்கு உரம் போடுவது போலத்தான் ஏரிக்குப் பொஸ்பரஸ். நன்னீரில் பாசி வளரத் தேவையான பொருட்களில் மிகவும் அரிதாகக் கிடைப்பது அதுவே. அரிதானது கொஞ்சம் கூடினாலும் பாசி பெருகும். பெருகிய பாசி செத்து அடியில் படியும். அதை உக்கவைக்கும் பக்டீரியாக்கள் ஆழ்நீரின் ஒட்சிசனை எடுத்துவிடும். குளிர்ந்த ஆழத்தில் வாழும் மீன்களுக்கு அதன்பின் போக்கிடம் இல்லை.

இதை உலகுக்குக் காட்டிய இடம் எமது மாகாணத்திலேயே இருக்கிறது. ஒன்ராறியோவின் வடமேற்கில் சில ஏரிகளை ஆய்வுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். 1973இல் டேவிட் ஷிண்ட்லரும் அவரது குழுவினரும் அங்கு 226 என்ற எண் கொண்ட ஏரியை நடுவில் பிளாஸ்ரிக் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் காபனும் நைதரசனும் கொடுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் பொஸ்பரசும் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகியது. வானத்திலிருந்து எடுத்த அந்தப் படம் பாடப்புத்தகங்களில் இன்றும் வருகிறது. சலவைத்தூளில் பொஸ்பேற்றைக் குறைக்கும் விவாதத்தில் அது பெரிய சாட்சியாக இருந்தது.

அளவைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. ஏரிகளில் பாசித் தொல்லை வராமலிருக்க மொத்தப் பொஸ்பரஸ் லீற்றருக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஒன்ராறியோவின் வழிகாட்டு அளவு. ஒரு கிலோ பொஸ்பரஸ் 5 கோடி லீற்றர் சுத்த நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு பண்ணையில் கிலோக்கணக்கில் மிச்சம் பிடிப்பது சில்லறை விசயம் அல்ல என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

பூட்டிய பெட்டகம்

முன்பு ட்றவுட் தீவனத்தில் மீன்தூளே பிரதானம். கடல்மீன் விலை ஏறியதாலும், கடலில் பிடிக்கும் அளவுக்கு எல்லை இருப்பதாலும், சோயா, கோதுமை, சோளப் புரதம், கனோலாப் பிண்ணாக்கு என்று தாவரப் பொருட்கள் உள்ளே வந்தன. நோர்வேயின் சல்மன் தீவனத்தில் 1990இல் ஏறக்குறைய 90 சதவீதம் கடற்பொருட்கள். 2013 அளவில் அது 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ட்றவுட்டின் கதையும் ஏறக்குறைய அதே திசையில்தான்.

தாவர விதைகளிலும் பொஸ்பரஸ் நிறைய உண்டு. கனோலாப் பிண்ணாக்கில் அது ஏறக்குறைய ஒரு சதவீதம். ஆனால் விதை தன் பொஸ்பரசின் பெரும்பகுதியை, பொதுவாக 60 முதல் 80 சதவீதம் வரை, பைற்றிக் அமிலம் என்ற வடிவில் பூட்டி வைத்திருக்கிறது. ஒரு வளையத்தில் ஆறு பொஸ்பேற்றுகள் தொங்கும் மூலக்கூறு அது. முளைக்கும் கன்றுக்கான சேமிப்பு வைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறக்கும் சாவியான பைற்றேஸ் என்ற நொதியம் ட்றவுட்டின் குடலில் போதிய அளவு இல்லை. கோழிக்கும் பன்றிக்கும் அதே நிலைதான். மாட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

ஆகவே ட்றவுட் தின்ற பொஸ்பரசில் ஒரு பகுதி பூட்டுத் திறக்கப்படாமலே எச்சமாக வெளியே போகிறது. போகும்போது கல்சியம், துத்தநாகம், இரும்பு ஆகியவற்றையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போகிறது. மீனுக்கோ எலும்புக்குப் பொஸ்பரஸ் வேண்டும். எனவே தீவன ஆலை மோனோகல்சியம் பொஸ்பேற்று என்ற கனிம உப்பைத் தனியாக வாங்கிச் சேர்க்கிறது. உள்ளே இருப்பதைத் திறக்க முடியாமல் வெளியே கடன் வாங்கும் நிலை. இரண்டுக்கும் சேர்த்து ஏரிதான் வட்டி கட்டுகிறது.

இந்த நொதியம் புதுச்சரக்கு அல்ல. ஜப்பானியரான உமெதாரோ சுசுகியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1907இலேயே அரிசித் தவிட்டில் இதைக் கண்டார்கள். அதே சுசுகிதான் பின்னர் தவிட்டிலிருந்து பெரிபெரி நோயைத் தடுக்கும் பொருளையும் பிரித்தெடுத்தவர். எங்கள் சமையலறைகளில் இதற்கும் முன்பே இது வேலை செய்துகொண்டிருந்தது. உழுந்தை ஊறவிட்டு, அரைத்து, இரவு முழுக்கப் புளிக்க வைக்கும்போதும், பயறை முளைகட்டும்போதும், தானியத்திலுள்ள பைற்றேசும் நுண்ணுயிர்களின் பைற்றேசும் பைற்றிக் அமிலத்தை உடைக்கின்றன. தோசைமாவில் நடப்பதை மீனின் வயிற்றுக்குள் நடத்துவதுதான் இந்தத் தொழில்நுட்பம்.

சந்தைக்கு அது பன்றி வழியாக வந்தது. நெதர்லாந்தில் பன்றிச்சாணம் நிலத்தையும் வாய்க்கால்களையும் பொஸ்பேற்றால் நிரப்பியது. அரசு வரம்பு போட்டது. 1991இல் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சணத்திலிருந்து தயாரித்த முதல் வணிகப் பைற்றேஸ் அங்கு விற்பனைக்கு வந்தது. இன்று கோழி, பன்றித் தீவனங்களில் அது கிட்டத்தட்ட வழமையான பொருள். இங்கு குவெல்ஃப் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே போய், தன் உமிழ்நீரிலேயே பைற்றேசைச் சுரக்கும் மரபணு மாற்றிய பன்றியை 1999இல் உருவாக்கியது. 'என்வைரோபிக்' என்று பெயர். வேலை செய்தது, ஆனால் எவரும் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. 2012இல் நிதி நின்று திட்டமும் முடிந்தது. தீவனத்தில் தூவினால் தீரும் விசயத்துக்குப் பன்றியையே மாற்றுவானேன் என்று சனம் நினைத்ததில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை.

பேரேட்டில் எழுதிப் பார்த்தால்

மீன் பண்ணையின் கழிவை அளக்க ஏரிக்குள் இறங்கத் தேவையில்லை. தீவனத்தில் போன பொஸ்பரஸ், மீனின் உடலில் தங்கிய பொஸ்பரஸ், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தண்ணீருக்குப் போனது. குவெல்ஃபில் சோ, பியூரோ என்ற இரு மீன் போசணை அறிஞர்கள் இந்த முறையை ஒரு கணினி மாதிரியாகவே ஆக்கி 1998இல் வெளியிட்டார்கள். வாசித்தபோது எங்களுக்கு ஒரு சந்தோசம். இது இருப்புக் கணக்கெடுப்புத்தான். களஞ்சியத்துக்கு வந்தது, விற்றது, மிச்சம்.

ஒரு எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எந்தப் பண்ணையுடையவையும் அல்ல, ஆனால் நடைமுறைக்குக் கிட்டியவை. ஒரு தொன் ட்றவுட் வளர 1,200 கிலோ தீவனம் போகிறது. தீவனத்தில் பொஸ்பரஸ் 1.1 சதவீதம். ஆகவே உள்ளே போவது 13.2 கிலோ. மீனின் உடலில் தங்குவது ஏறக்குறைய 4.5 கிலோ. மிச்சம் 8.7 கிலோ ஏரிக்கு.

அந்த 8.7 கிலோவும் ஒரே மாதிரியானது அல்ல. முக்கியமான இடம் இது. தீவனப் பொஸ்பரசில் 60 சதவீதம் சமிபாடடைகிறது என்று கொள்வோம். சமிபாடடையாத 5.28 கிலோ எச்சத்தோடு அடியில் படியும். சமிபாடடைந்த 7.92 கிலோவில் உடலுக்கு வேண்டிய 4.5 போக 3.42 கிலோ சிறுநீரோடு, கரைந்த நிலையில் வெளியேறும். அடியில் படிவது மெதுவாகத் தொல்லை தரும். கரைந்தது அன்றே பாசிக்கு உணவாகும்.

இப்போது பைற்றேசைச் சேர்ப்போம், வேறு எதையும் மாற்றாமல். சமிபாடு 80 சதவீதமாக உயர்கிறது. எச்சத்தில் போவது 2.64 கிலோவாக இறங்குகிறது. விற்பனைப் பிரதிநிதி காட்டும் வரைபடத்தில் இந்த இறக்கம்தான் பெரிதாக இருக்கும். ஆனால் மீனுக்குத் தேவையான அளவு முதலிலேயே கிடைத்துக்கொண்டிருந்தது. கூடுதலாகத் திறந்ததை அது வைத்திருக்காது, சிறுநீராக விட்டுவிடும். கரைந்த பொஸ்பரஸ் 3.42 கிலோவிலிருந்து 6.06 கிலோவாக ஏறிவிடுகிறது. மொத்தம் அதே 8.7. ஒரு கணக்கிலிருந்து மற்றக் கணக்குக்கு மாற்றியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை, அதுவும் ஏரிக்குக் கெடுதலான கணக்குக்கு.

மூன்றாவது வழி, நொதியம் திறந்து கொடுக்கும் அளவுக்குச் சமமாகக் கனிம உப்பைத் தீவனத்திலிருந்து எடுத்துவிடுவது. மோனோகல்சியம் பொஸ்பேற்றில் பொஸ்பரஸ் ஏறக்குறைய 22 சதவீதம். தொன் தீவனத்துக்கு 10 கிலோ உப்பைக் குறைத்தால் தீவனத்தின் பொஸ்பரஸ் 1.1இலிருந்து 0.88 சதவீதத்துக்கு இறங்கும். உள்ளே போவது 10.56 கிலோ. மீன் சமிபாடடையச் செய்வது முன்போலவே 7.92. எச்சத்தில் 2.64, சிறுநீரில் 3.42. ஏரிக்குப் போவது 6.06 கிலோ, அதாவது முன்னையதைவிட 30 சதவீதம் குறைவு. வருடம் 500 தொன் வளர்க்கும் பண்ணைக்கு இது 1,320 கிலோ வித்தியாசம்.

ஆகவே 'நொதியம் சேர்த்தது' என்ற சொல் ஒன்றையும் நிரூபிக்காது. தீவன மூட்டையின் லேபிளில் மொத்தப் பொஸ்பரஸ் எத்தனை சதவீதம் என்பதே பார்க்கவேண்டிய எண். அது இறங்காவிட்டால் கூடுதல் விலை வீண். மறுபக்கம், அதிகமாக இறக்கவும் கூடாது. ட்றவுட்டுக்குச் சமிபாடடையக்கூடிய பொஸ்பரஸ் தீவனத்தில் ஏறக்குறைய 0.6 முதல் 0.7 சதவீதம் தேவை. அதற்குக் கீழே போனால் எலும்பு கோணும், வளர்ச்சி குன்றும், தீவனம் கூடுதலாகப் போகும். அப்போது மிச்சம் பிடித்ததெல்லாம் மறுபடி தண்ணீருக்கே போய்ச் சேரும்.

வெப்பமும் குளிரும்

தாளில் சரியாக வந்த கணக்கு ஆலையிலும் ஏரியிலும் சறுக்குகிற இடங்கள் உண்டு. நொதியம் ஒரு புரதம். மீன் தீவனத்தை நீராவியும் அழுத்தமும் கொடுத்து 100 பாகைக்கு மேலான வெப்பத்தில் பிழிந்து எடுக்கிறார்கள், முறுக்கு உரலில் மாவைப் பிழிவது போல. அந்தச் சூட்டில் சாதாரணப் பைற்றேஸ் செத்துப்போகும். ஆகவே உருண்டைகள் ஆறியபின் திரவ நொதியத்தை மேலே தெளித்து, எண்ணெயோடு சேர்த்து உள்ளிழுக்க வைக்கிறார்கள். அதற்கான இயந்திரம் எல்லா ஆலைகளிலும் இருக்காது. இன்னொரு வழி, சோயாவையும் கனோலாவையும் தீவனமாக்க முன்பே வெதுவெதுப்பான நீரில் நொதியத்தோடு ஊறவைத்துப் பூட்டைத் திறந்துவிடுவது. வேலை கூட, காயவைக்கும் செலவும் கூட.

அடுத்தது குளிர். பைற்றேசின் ஒரு அலகு என்பதை 37 பாகையில், 5.5 அமிலத்தன்மையில் அளந்து வரையறுத்திருக்கிறார்கள். பன்றிக்கும் கோழிக்கும் அது பொருந்தும், அவை வெப்பக்குருதி விலங்குகள். ட்றவுட்டின் உடம்பு ஏரி நீரின் வெப்பநிலையில்தான் இருக்கும். கோடையில் 15 பாகை, பனிக்காலத்தில் ஒரு சில பாகை. நொதியத்தின் வேகம் அதற்கேற்ப விழுகிறது. இதனால் மீனுக்குக் கிலோ தீவனத்துக்கு 1,000 அல்லது 2,000 அலகு வரை கொடுத்துப் பரிசோதித்திருக்கிறார்கள். ஈ.கோலை போன்ற பக்டீரியாக்களிலிருந்து எடுத்த பிந்திய தலைமுறைப் பைற்றேசுகள் இரைப்பை அமிலத்தைக் கூடுதலாகத் தாங்குகின்றன. ட்றவுட்டுக்கும் சல்மனுக்கும் அமிலம் சுரக்கும் இரைப்பை இருப்பது ஒரு வசதி. கெண்டை இன மீன்களுக்கு இரைப்பையே இல்லை, அங்கு சித்திரிக் அமிலம் போன்ற ஒன்றையும் தீவனத்தில் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இதைப் பேசும்போதெல்லாம் எவராவது கேட்பது, அந்த நொதியம் மீன் வழியாக எங்கள் வயிற்றுக்குள் வருமா என்று. வராது. அதுவும் ஒரு புரதம், மற்றப் புரதங்களைப் போல மீனின் குடலிலேயே சமிபாடடைந்துவிடும்.

நொதியத்தால் ஆகாதவை

பைற்றேஸ் பைற்றிக் அமிலத்தை மட்டுமே திறக்கும். தீவனத்தில் மீன்தூளும் கோழிக்கழிவுத் தூளும் அதிகமாக இருந்தால் அங்குள்ள பொஸ்பரஸ் எலும்பில் இருக்கிறது. அதற்கு இந்தச் சாவி பொருந்தாது. அப்படிப்பட்ட தீவனத்துக்கு, எலும்பு குறைந்த தூளைத் தெரிவதே வழி. தாவரத்தின் பக்கத்திலும் இன்னொரு பாதை உண்டு. பைற்றிக் அமிலம் குறைந்த சோளம், வாற்கோதுமை இனங்களை அமெரிக்காவில் 1990களிலிருந்து உருவாக்கி வருகிறார்கள்.

நைதரசன் வேறு கதை. மீன் தின்ற புரதத்தின் பெரும்பகுதி அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. கடலில் பாசியைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் நைதரசனே என்பதால், நோர்வேயின் ஃபியோர்டுகளிலோ நியூ பிரன்சுவிக் கரையிலோ பைற்றேசின் பயன் எங்கள் நன்னீர் ஏரிகளில் உள்ள அளவுக்கு இராது. அங்குள்ள சொந்தக்காரர் எவராவது இந்தக் கட்டுரையைக் காட்டி வாதாடினால் பொறுப்பு எங்களுடையதல்ல. புரதத்தை உடைக்கும் நொதியங்களும் தாவர நாரை உடைக்கும் நொதியங்களும் மீன் தீவனத்துக்கு விற்கப்படுகின்றன. பலன் தீவனத்துக்குத் தீவனம் மாறுகிறது, பைற்றேஸ் அளவுக்குத் தெளிவான கணக்கு அவற்றுக்கு எழுத முடியவில்லை.

இடத்தெரிவை எந்த நொதியமும் ஈடுசெய்யாது. மனிற்றூலினுக்கு வடக்கே லா குளோஷ் கால்வாயில் இருந்த வலைக்கூட்டுப் பண்ணை ஒன்று 1990களின் இறுதியில் மூடப்பட்டது. நீரோட்டம் குறைந்த இடம், ஆழ்நீரில் ஒட்சிசன் தீர்ந்துபோனது. அதன்பின் அதே வடமேற்கு ஆய்வு ஏரிகளில் 375ஆம் ஏரிக்குள் 2003 முதல் 2007 வரை வேண்டுமென்றே ஒரு ட்றவுட் பண்ணையை நடத்திப் பார்த்தார்கள். சிறிய ஏரி என்பதால் விளைவு விரைவில் தெரிந்தது. பொஸ்பரசும் பாசியும் கூடின, ஆழ்நீரின் ஒட்சிசன் குறைந்தது. நீரோட்டமுள்ள திறந்த குடாவில் அதே அளவு மீன் அதே அளவு சேதத்தைச் செய்யாது. மூடிய கால்வாயில் சுத்தமான தீவனமும் காப்பாற்றாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஒன்ராறியோவின் ஏரிகளுக்குப் போகும் பொஸ்பரசில் மீன் பண்ணைகளின் பங்கு சிறிது. வயல்களும், நகரக் கழிவுநீரும், மலக்குழிகளும்தான் பெரிய கணக்காளிகள். இந்தப் பண்ணைகள் சில முதற்குடிச் சமூகங்களுக்குச் சொந்தமானவை, வேறு வேலைவாய்ப்பு அதிகம் இல்லாத இடங்களில் நடப்பவை. ஆனால் ஒரு குடாவின் மூலையில் நிற்கும் குடிசைக்காரருக்கு மாகாண சராசரி ஆறுதல் தராது. அவர் தண்ணீர் எடுக்கும் இடம் அதுதான்.

எதை எண்ணுகிறார்கள் என்பது

அந்தப் பண்ணையின் கோப்புக்குத் திரும்புவோம். எங்கள் கண்ணில் முதலில் பட்டது உரிமப் பத்திரத்தின் நிபந்தனைதான். வருடத்துக்கு இத்தனை தொன் தீவனத்துக்கு மேல் போடக்கூடாது என்று அதில் இருந்தது. தீவனத்தில் பொஸ்பரஸ் 1.1 சதவீதமா, 0.88 சதவீதமா என்பதற்கு அந்த நிபந்தனையில் எந்தப் பெறுமதியும் இல்லை. கூடுதல் விலை கொடுத்துச் சுத்தமான தீவனம் வாங்குகிறவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே வரம்பு. செலவை உரிமையாளர் எழுதுகிறார், வரவை ஏரி எழுதுகிறது. இரண்டும் ஒரே ஐந்தொகையில் சந்திப்பதில்லை.

டென்மார்க்கும் இப்படித்தான் தொடங்கியது. 1989இல் நன்னீர் ட்றவுட் பண்ணைகளுக்குத் தீவன ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். ஆனால் கூடவே தீவனத்தின் தரத்துக்கும் வரம்பு போட்டார்கள், பின்னர் வெளியேறும் கழிவையே அளந்து அனுமதி கொடுக்கும் முறையையும் சேர்த்தார்கள். கழிவைக் குறைத்தவர் கூடுதல் மீன் வளர்க்கலாம் என்றால், நொதியத்தின் விலை தானாகவே வரவுப்பக்கத்துக்கு வந்துவிடும். எங்கள் அதிகாரிகளும் அதிகம் செலவில்லாமல் இதைச் செய்யலாம் என்பது எமது அபிப்பிராயம். தீவனச் சிட்டைகளும் மீன் விற்பனைச் சிட்டைகளும் ஏற்கனவே எங்கள் போன்றவர்களின் கோப்புகளில் கிடக்கின்றன. பொஸ்பரஸ் சதவீதம் என்று ஒரு நிரல் கூட்டினால் போதும்.

உரிமையாளருக்கு நாங்கள் எழுதிய பதில் ஒரு பக்கம். ஆலையிடம் மொத்தப் பொஸ்பரஸ் அளவை எழுத்தில் கேளுங்கள், கனிம உப்பை எவ்வளவு குறைத்தார்கள் என்று கேளுங்கள், நொதியத்தைச் சூட்டுக்கு முன் சேர்க்கிறார்களா பின் தெளிக்கிறார்களா என்று கேளுங்கள் என்றோம். குறைத்த உப்பின் விலை நொதியத்தின் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித்தரும், ஆகவே தொன்னுக்குக் கேட்ட கூடுதல் தொகையைப் பேரம் பேசலாம் என்றும் சேர்த்தோம். முதல் மூன்று கேள்விகளுக்கும் பதில் வர ஆறு கிழமை எடுத்தது. வந்த பதிலில் நொதியம் இருந்தது, உப்பு முன்பிருந்த அளவிலேயே இருந்தது. அவர் அந்த வருடம் வாங்கவில்லை. அடுத்த வருடக் கோப்பில் வேறொரு ஆலையின் சிட்டை இருந்தது. அதோடு மூட்டை லேபிள் ஒன்றையும் கிளிப் போட்டு அனுப்பியிருந்தார், பொஸ்பரஸ் 0.9 என்ற இடத்தில் பேனையால் வட்டமிட்டு.